ஒரே அச்சில் நாலு கமல்

கல்யாண வீட்டுச் சமையல்கட்டு. அண்டா நிறையச் சாம்பார். சாம்பாருக்குள் ஒரு மீன். இவ்வளவு சொன்னாலே போதும், மீதியை நீங்களே சிரித்துக்கொண்டு சொல்லி முடித்துவிடுவீர்கள். சமைப்பது பாலக்காட்டு ஐயர் கோஷ்டி. பந்தியில் உட்காரக் காத்திருப்பது சுத்த சைவக் கூட்டம். மீனோ அண்டாவின் எந்த மூலையில் வெந்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. கரண்டியை விட்டுத் துழாவுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்த படம். முப்பத்தைந்து வருடமாகியும் அந்த அண்டா ஆறவில்லை.

இந்தத் தடவை நான் அதைப் பார்த்த இடம்தான் விசேஷம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. ‘பார்த்த’ என்று சொன்னால்கூடத் தப்பு. அங்கே யாருமே பார்க்கவில்லை. வர்ண டப்பா ஒன்றின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். படம் பாட்டுக்கு ஓடுகிறது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெண்கள் குனிந்த தலை நிமிராமல் பிள்ளையாருக்குக் கண் எழுதுகிறார்கள், கிருஷ்ணருக்கு உதடு தீட்டுகிறார்கள். ஆனால் சிரிப்பு மட்டும் சரியான இடத்தில் வருகிறது. சில சமயம் வசனத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது! காதாலேயே பார்க்கிறார்கள். ஒரு அடிதடிக் காமெடியை, ஓடி விழுந்து முட்டி மோதுகிற படத்தை, காதால் கேட்டுச் சிரிக்க முடியும் என்றால் அதற்குள்ளே ஏதோ சூட்சுமம் இருக்க வேண்டும். எனக்கு அங்கேயே மூக்கு வியர்த்துவிட்டது.

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் இருந்தது. வரிசையாக நாலு பொம்மை, காய்வதற்காகப் பலகையில் நின்றன. நாலும் அச்சு அசல் ஒன்றே. வெளுத்த முகம், கண் இல்லை, புருவம் இல்லை. விருத்தாசலத்துப் பொம்மை பிறக்கிற விதத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தப் படத்தை வேறு மாதிரி பார்க்க முடியாது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது கூடவே வெளிவருகிற வெண்களிமண்தான் இந்த ஊர்ப் பீங்கான் தொழிலுக்கு அடித்தளம். அதைக் கரைத்துச் சலித்து, ஊற்றுகிற பதத்துக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க, அச்சின் உட்சுவரை ஒட்டிக் களிமண் தோலாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கரைசலை வெளியே ஊற்றிவிட வேண்டும். கொஞ்சம் இறுகியதும் அச்சின் இரண்டு பாதியைப் பிரித்தால் உள்ளே வெறும் கூடாக ஒரு பிள்ளையார்! இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் நெற்றி முதல் பாதம் வரை ஒரு பிசிறுக் கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்புவார்கள். அந்தக் கோடு தெரிந்தால் பொம்மை இரண்டாம் தரம்.

“நாலும் ஒண்ணாவே இருக்கே அக்கா, எப்படி வேற வேற ஆளாகுது?” என்று கேட்டேன்.

“அச்சு ஒண்ணுதான் தம்பி. புருவத்த மாத்தி இழுத்துட்டா ஆளே மாறிடுவான்” என்றார், தூரிகையை வாயில் கவ்விக்கொண்டே. கைபேசியில் படத்துச் சமையல்காரன் காமேஷ்வரன் பேசிக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான்! படத்தின் முழுத் தொழில்நுட்பத்தையும் அந்த அக்கா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒரே அச்சு, நாலு ஆள். லண்டனிலிருந்து வந்திறங்கிய தொழிலதிபர் மதனகோபால். தீயணைப்புப் படை ராஜு. பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஷ்வரன். கள்ளநோட்டு மைக்கேல். நாலு பேரையும் சேர்த்துப் பிசைந்ததுதான் படத்தின் பெயர். அவர்களுக்குக் கமல்ஹாசன் இழுத்த புருவம் எது தெரியுமா? நாக்கு. மதன் பேசும் தமிழுக்குக் கோட்டு சூட்டு போட்டது மாதிரி ஒரு ஆங்கில மிடுக்கு. ராஜுவுக்குச் சென்னைப் பேச்சு. காமேஷ்வரனுக்கு மலையாளத்தில் தோய்த்தெடுத்த பாலக்காட்டுத் தமிழ், பாதி வாக்கியத்திலேயே பயந்து நின்றுவிடும். மைக்கேலுக்குக் கரகரத்த தொண்டை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தக் கமல் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம். பிள்ளையாருக்குக் கண் எழுதிக்கொண்டே அந்தப் பெண்கள் சிரித்தது இதனால்தான்.

இப்போது லண்டனுக்கு ஒரு எட்டு போய்வர வேண்டும். ஏனென்றால் விழுந்து புரண்டு சிரிக்கவைக்கிற இந்தக் கலைக்கு அங்கே ஒரு பெரிய பாட்டனார் உண்டு. பெயர் ஃபிரெட் கார்னோ. குழாய் ரிப்பேர் வேலை பழகிய ஆள்! (பீங்கான் குழாயும் கழிவறைச் சாமானும் புழங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்குத் தனி சந்தோஷம்.) குழாயைவிட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், அங்கிருந்து கம்பி விளையாட்டுக்குப் போய், கடைசியில் ஒரு நகைச்சுவைப் பட்டாளத்துக்கே முதலாளி ஆனார். பிரிட்டனில் அன்றைக்கு மேடை வசனத்துக்கு உரிமம், தணிக்கை என்று ஆயிரம் கெடுபிடி. கார்னோ பார்த்தார். வாயைத் திறந்தால்தானே வம்பு? பேச்சே இல்லாமல் ஆட்டத்தை அமைத்துவிட்டார். உதை, விழு, எழு, தொப்பியை எடுக்கக் குனி, மறுபடி உதை வாங்கு. 1908 வாக்கில் அந்தப் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு லண்டன் பையன்தான் சார்லி சாப்ளின். பின்னால் ஹார்டியோடு ஜோடி சேர்ந்து உலகைச் சிரிக்கவைத்த ஸ்டான் லாரலும் அங்கேதான் இருந்தார். 1910-இல் இரண்டு பேரும் ஒரே கப்பலில் அமெரிக்கா போனார்கள். அந்தக் கப்பலில் சக பயணியாகப் போயிருக்க நான் என்ன விலையும் கொடுப்பேன்!

அங்கே கால் வழுக்கியது என்றால், நம் ஊரில் வழுக்கியது நாக்கு. இதுதான் எனக்கு அந்தப் பட்டறையில் பளிச்சென்று பட்டது. தமிழ் சினிமாவின் காமெடி, மௌனப் படத்தில் நடை பழகவில்லை. மேடையிலிருந்து நேராகப் பேசிக்கொண்டே வந்தது. 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘சபாபதி’யைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். டி.ஆர். ராமச்சந்திரன் அசட்டு எஜமான், காளி என். ரத்தினம் அவரையும் மிஞ்சிய அசட்டு வேலைக்காரன், இரண்டு பேருக்கும் பெயர் சபாபதி. எஜமான் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே செய்து தொலைக்கிற வேலைக்காரன். அங்கே தடுக்கி விழுவது மனிதன் அல்ல, கட்டளை. இடையில் சந்திரபாபு மாதிரி காலும் நாக்கும் சேர்ந்து ஆடுகிற பிறவிகள் வந்துபோனார்கள். 1958-இல் ‘சபாஷ் மீனா’வில் அவரும் இரட்டை வேடம் போட்டார், அதில் ஒருவர் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்ஷாக்காரர். ஆனால் காலுக்கும் நாக்குக்கும் சரிபாதி இடம் கொடுத்து ஒரு முழுப் படம் என்றால் என் ஓட்டு ‘மைக்கேல் மதன காமராஜ’னுக்குத்தான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஏன் அப்படி அமைந்தது? படத்தின் பின்னால் இருந்த இரண்டு பேரைப் பார்த்தாலே புரிந்துவிடும். முதல் ஆள், இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ். கடிகாரக்கார வீட்டுப் பிள்ளை! கே.வி. ரெட்டியிடம் உதவியாளராக இருந்தவர். ரெட்டியின் பழக்கம் தெரியுமல்லவா? ஒத்திகையிலேயே ஸ்டாப் வாட்ச் வைத்துக் காட்சியை அளந்துவிடுவார். இந்தக் காட்சி இத்தனை நொடி, அவ்வளவுதான். 1957-இல் வந்த ‘மாயாபஜார்’ அப்படி அளந்து தைத்த படம். மார்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த தந்திரங்களை இன்றைக்கும் வாய் பிளந்து பார்க்கிறோம். அதில் எல்லோருக்கும் பிடித்த காட்சி எது? எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண விருந்து முழுவதையும் ஒற்றை ஆளாகக் காலி செய்கிறாரே, அது. கல்யாணச் சமையல்! அந்தப் படப்பிடிப்பில் உதவியாளராக நின்ற பையன், முப்பத்து மூன்று வருடம் கழித்து இன்னொரு கல்யாணச் சமையல்கட்டில் அண்டாவுக்குள் மீனைப் போட்டான். இதைக் கண்டுபிடித்ததும் நான் பட்டறையில் எழுந்து நின்றுவிட்டேன். பொம்மை ஒன்று தப்பித்தது.

சிங்கீதம் காலைப் பழகிய பள்ளிக்கூடம் இன்னொன்றும் உண்டு. 1987-இல் அவரும் கமலும் சேர்ந்து செய்த ‘பேசும் படம்’. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘புஷ்பக விமானம்’ என்ற பெயரில் வந்தது. பெயர்தான் ‘பேசும் படம்’, படத்தில் ஒரு வசனம் கிடையாது. வேலையில்லாத பட்டதாரி ஒருவன் பணக்காரன் ஒருவனைக் கட்டிப் போட்டுவிட்டு அவன் இடத்தில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் போய்ப் படுக்கிறான். மெத்தையிருந்தும் தூக்கம் வரவில்லை. ஏன்? சத்தம் இல்லை! அவன் வழக்கமாகக் குடியிருப்பது தியேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில். அந்த இரைச்சலை டேப்பில் பதிந்துகொண்டு வந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். கார்னோ இதைப் பார்த்திருந்தால் சிங்கீதத்துக்கு அன்றே ஒப்பந்தம் போட்டிருப்பார். தினு ஆனந்த் பனிக்கட்டிக் கத்தியோடு கொலை செய்ய அலைவதும், அது உருகி உருகிச் சொட்டுவதும், யோசித்துப் பார்த்தால் எத்தனை கடிகார வேலை! ஒளிப்பதிவு பி.சி. கௌரிசங்கர். அதே கௌரிசங்கர்தான் மூன்று வருடம் கழித்து நாலு கமலையும் படம்பிடித்தார்.

இரண்டாவது ஆள், நாக்குக்காரர். கிரேஸி மோகன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்த மனிதர். எஸ்.வி. சேகர் குழுவுக்காக எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகம் அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை பிரியவில்லை. 2019 ஜூனில் அவர் போனபோது தமிழ்நாடே அவர் வசனத்தைச் சொல்லிச் சொல்லி அழுதது. சிரித்துக்கொண்டே அழுதது என்பதுதான் சரி. மெக்கானிக்கல் எஞ்சினியர் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. அவர் வசனத்தில் ஒரு பல்சக்கரம் இருக்கும். ஒருவர் சொன்ன கடைசி வார்த்தையை அடுத்தவர் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார், அதை மூன்றாமவர் இன்னொரு பக்கம் திருப்புவார். ஒரு பல் நழுவினாலும் முழு எந்திரமும் நின்றுவிடும். சிரிக்கிற நமக்கு மூச்சு விட நேரம் இருக்காது, ஏனென்றால் அடுத்த வசனம் முந்தைய சிரிப்புக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். தியேட்டரில் பாதி வசனம் கேட்காமல் போய், அதற்காகவே இரண்டாம் தடவை டிக்கெட் வாங்கியவர்கள் அநேகம்.

மீன் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கால் எங்கே, நாக்கு எங்கே என்று பிரிக்க முடியாது. டெல்லி கணேஷ் பாலக்காடு மணி ஐயராக நிற்கிறார். முகத்தில் ஒரே நேரத்தில் பக்தி, பயம், தொழில் கவலை மூன்றும். கை ஒரு பக்கம் துழாவ, வாய் வேறு எதையோ சமாளிக்கிறது. ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், மௌனப் படக் காமெடி. திரையைக் கவிழ்த்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள், சபா நாடகம். இரண்டும் தனித்தனியாக ஓடுகிற வண்டிகள், ஒரே தண்டவாளத்தில்.

சரி, நாலு கமலை எப்படி ஒரே சட்டத்துக்குள் நிற்கவைத்தார்கள்? திரையின் பின்னால் எட்டிப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு வராத காலம். ஃபிலிம் கேமராவில் இரட்டை வேடத்துக்கு இருந்த வழி பழைய வழிதான். கேமராவை இம்மி அசையாமல் பூட்ட வேண்டும். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு மறைப்பால் மூட வேண்டும். நடிகர் திறந்திருக்கிற பாதியில் நின்று, எதிரே ஆளே இல்லாத காற்றைப் பார்த்துக் கோபப்பட வேண்டும், சிரிக்க வேண்டும், பதில் வருகிற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறைப்பை மாற்றி, நடிகர் வேஷம் மாற்றி வந்து, இத்தனை நேரம் தன்னையே பார்த்த காற்றுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும். இடையில் மேசை ஒரு நூல் நகர்ந்தாலும், வெளிச்சம் ஒரு துளி மாறினாலும், நடுவே கோடு தெரிந்துவிடும். விருத்தாசலத்தில் பொம்மையின் நெற்றியில் சுரண்டுகிறார்களே, அதே பிசிறுக் கோடு. தெரிந்தால் இரண்டாம் தரம்.

தமிழில் இந்த வித்தைக்கு முதல் ஆள் பி.யு. சின்னப்பா, 1940-இல் ‘உத்தமபுத்திரன்’. மூன்றாகப் பெருக்கியவர் ‘தெய்வமக’னில் சிவாஜி. வெளிநாட்டில் இதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா பஸ்டர் கீட்டன். 1921-இல் ‘தி பிளேஹவுஸ்’ என்ற குறும்படத்தில் மேடையில் ஒரே வரிசையில் ஒன்பது கீட்டன்! கையால் சுற்றுகிற கேமரா. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், கீட்டன் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். தாளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பாஞ்சோ வாசித்தாராம். பூட்டிய கேமரா, எண்ணிய அடி, அளந்த நொடி. நாம் பார்ப்பதோ கட்டவிழ்ந்த கலாட்டா. எவ்வளவு பெரிய பித்தலாட்டம், எவ்வளவு அழகான பித்தலாட்டம்!

இதில் கமலின் படம் செய்த சாமர்த்தியம் ஒன்று உண்டு. வித்தை கையில் இருக்கிறதே என்று எடுத்தவுடன் நாலு பேரையும் வரிசையாக நிறுத்திக் கைத்தட்டல் வாங்கவில்லை. ராஜு மதனாக நடிக்க ஒப்புக்கொள்கிறான், மைக்கேல் மதனாக நுழையப் பார்க்கிறான், காமேஷ்வரனும் மதன் வீட்டுக்குள் வந்து சேர்கிறான். ஒரு கமல் போனதும் இன்னொரு கமல் வருகிறார். கேமராத் தந்திரமே வேண்டாம், கதவு போதும்! நாலு பேரும் ஒன்றாகச் சேர்வது கடைசியில். அதுவரை நம் தலைக்குள்தான் நாலு பேரையும் ஓடவிடுகிறார்கள்.

கதவுக்குக் கதவு ஆள் மாறுகிற இந்த வேடிக்கை விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. இந்த ஊர்தான் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே சிவனிடம் பன்னீராயிரம் பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடினார் என்பது புராணம். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று நாம் சொல்கிறோமே, அதன் ஊற்றுக்கண் இது. கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். கரையில் பரவையார் நின்று கேலி செய்கிறார், தண்ணீருக்குள் கணவர் துழாவுகிறார். கிடைத்த பொன்னுக்கு மாற்றுக் குறைகிறது, அதை உரைத்துப் பார்க்கப் பிள்ளையாரே வர வேண்டியிருக்கிறது! அண்டாவில் மீனைத் துழாவுகிற காமேஷ்வரன் இந்தப் பரம்பரையில் வந்தவன் என்று சத்தியம் செய்வேன். படத்தின் கதையும் அதுதானே. நாலு குழந்தையை ஓரிடத்தில் தொலைத்துவிட்டு, மூன்று மணி நேரம் வேறு வேறு இடத்தில் தேடுவது. தொலைத்த கதையை இழுத்து அடிக்காமல், பெயர் போடும்போதே இளையராஜா குரலில் ஒரு பாட்டில் முடித்துவிட்டார்கள். வேறு படமாக இருந்தால் இடைவேளை வரை அதுதான் ஓடியிருக்கும்.

‘சுந்தரி நீயும்’ பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். கமலும் ஊர்வசியும் ஆடுகிறார்கள். அசைவெல்லாம் மிதக்கிற மாதிரி மெதுவாக. ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டுகிறது! எப்படி? கேமரா நொடிக்கு 24 சட்டம் பிடித்தால் திரையில் இயல்பான வேகம். 48 பிடித்தால் பாதி வேகம். அப்போது உதடு ஒட்ட வேண்டுமென்றால் படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும். அந்தக் கீச்சுக் குரலுக்கு இவர்கள் படபடவென்று வாயசைத்துக்கொண்டே, முகத்தில் காதலையும் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். திரையில் நிதானம், தளத்தில் ஓட்டம். அந்தத் தளத்தில் வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் அசல் காமெடி கிடைத்திருக்கும். நாம் பார்த்தது காதல் பாட்டு.

குறையே இல்லையா என்றால், உண்டு. மைக்கேலுக்கு எழுத்து போதவில்லை. மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு உலகம், சமையல்காரனுக்கு ஒரு கோஷ்டியே இருக்கிறது. மைக்கேலுக்குத் தொண்டை மட்டும்தான். மதனுக்கும் அவன் காதலி சக்குபாய்க்கும் இடையிலான பகுதியில் கத்தரி கொஞ்சம் சோம்பேறித்தனமாக இருந்திருக்கிறது. மனோரமா வந்து தூக்கி நிறுத்துகிறார், அதனால் மன்னிக்கலாம்.

கடைசிக் கட்டத்துக்கு வருவோம். மலையுச்சியில் ஒரு வீடு. அதன் ஒரு பக்கம் பள்ளத்தாக்கின் மேல் தொங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் இந்தப் பக்கம் வந்தால் வீடு இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ஷிலிருந்து வந்த வீடு இது, மறைக்கிற உத்தேசமே இல்லாமல். 1925-இல் எடுத்த படம். புயல் ஒரு மரக்குடிசையைத் தள்ளிக்கொண்டு போய் மலை விளிம்பில் நிறுத்திவிடுகிறது. உள்ளே சாப்ளினும் மாக் ஸ்வெயினும் காலையில் எழுந்து, தரை ஆடுவதைத் தங்கள் தள்ளாட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குடிசையின் உட்புறத்தைச் சாய்கிற மேடை மேல் கட்டி ஆட்டினார்கள். வெளிப்புறம் பொம்மை வீடு. இதே படத்தில்தான் பசி தாங்காமல் சாப்ளின் பூட்ஸை வேகவைத்துச் சாப்பிடுவார். அந்தப் பூட்ஸ் எதில் செய்தது தெரியுமா? அதிமதுரத்தில்! இருமலுக்கு நம் பாட்டிமார் வாயில் போட்டு அடக்கிக்கொள்ளச் சொல்கிற அதே சரக்கு. திரும்பத் திரும்ப எடுத்ததில் வயிறு கலங்கிப்போனதாகச் சொல்வார்கள். உலகமே கைத்தட்டிய காட்சிக்குப் பின்னால் இப்படி ஒரு ஓட்டம்.

கமலின் வீட்டில் சாய்மானம் மட்டும் சாப்ளினுடையது, கூட்டம் நம்முடையது. அங்கே இரண்டு பேர். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தையே ஏற்றியது மாதிரி சனம். சாப்ளின் வாயைத் திறக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்வார். இங்கே உயிர் போகிற நேரத்திலும் ஒருவர்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. அதல பாதாளத்தின் மேல் தொங்கிக்கொண்டு, யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்குக் காதலி என்று விளக்கம் கேட்கிறார்கள்! வெளியே ஆடுவது பொம்மை வீடு என்று இன்றைய கண்ணுக்குத் தெரிகிறது. தெரியட்டுமே. கொலுவில் வைத்த மலை நிஜ மலையா என்று யாராவது கேட்கிறார்களா?

நாகேஷை இன்னும் சொல்லவில்லை. மதனின் உதவியாளர் அவினாசியாக வருகிறார். கணக்கில் கைவைத்துவிட்டு மாட்டிக்கொள்கிற ஆள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து சினிமாவுக்கு வந்தவர் என்பதால் விருத்தாசலம் மாதிரி ஒரு ஜங்ஷன் ஊர் அவரைத் தன் ஆள் என்று சொந்தம் கொண்டாடலாம். 1964-இல் ‘சர்வர் சுந்தர’த்தில் ஒரு பாட்டு ஒலிப்பதிவாகும் அறைக்குள்ளேயே நம்மை அழைத்துப்போய்க் காட்டினார்களே, தமிழ் ரசிகனுக்குத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஆசையை மூட்டிவிட்டதே அந்தப் படம்தான். கால், நாக்கு என்று நான் இவ்வளவு நேரம் பிரித்துப் பேசியதெல்லாம் நாகேஷ் முன்னால் செல்லாது. அந்த ஒல்லி உடம்பில் இரண்டும் ஒரே நரம்பில் கட்டியிருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், படத்தின் ஒளித்துவைத்த புதையல் எஸ்.என். லட்சுமி. ஊர்வசி நடித்த திருப்புவின் பாட்டி. கண்ணில் பட்டதையெல்லாம் மடியில் கட்டிக்கொள்ளும் திருட்டுக் கை, மாட்டிக்கொண்டால் உலகத்திலேயே அப்பாவியான முகம். ஏழைப் பாட்டி, நடுங்குகிற உடம்பு, பார்த்தால் பாவமாக இருக்கும். காமேஷ்வரன் பரிதாபப்பட்டே கவிழ்ந்துபோகிறான். இந்த நடுக்கத்தை நம்பிவிடாதீர்கள். மேடையில் உரமேறிய உடம்பு அது. எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருட’னில் டூப் போடாமல் சிறுத்தையோடு சண்டை போட்டவர் இந்த அம்மாள்! அடுத்த தடவை டிவியில் படம் வரும்போது, அந்தப் பாட்டி மடியை இறுக்கிக்கொண்டு சுவரோரமாக நழுவுகிற இடத்தில் இதை நினைத்துக்கொண்டு பாருங்கள். சிறுத்தையிடமிருந்து தப்பி வந்த கையில் சிக்கிய கத்தரிக்காயை எந்தச் சமையல்காரன் திரும்ப வாங்குவான்?